கோழி அம்மை: மருந்து சுலபம், பிடிப்பதுதான் பாடு

சென்னை கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறோம். மழை ஓய்ந்து கொசு ஏறியதும் ஒரு பெட்டைக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி கறுப்புப் பொருக்கு. கோழி அம்மை, கொசு கடித்தாலே பரவும்.

பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஒரு கிளினிக்குக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் எட்டிக்கூடப் பார்க்காமல், "நாய் பூனைதான் சார் பாக்குறோம், இதுக்கெல்லாமா டாக்டர்? குழம்பு வெச்சிடுங்க" என்றார். எரிச்சலோடு திரும்பினேன். போக வரக் கொடுத்த ஆட்டோ காசில் இன்னொரு கோழியே வந்திருக்கும். மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு ஆன்டிபயாடிக்கை நீட்டினார். அம்மை வைரஸ், அதற்கு இது கேட்காது. புண்ணில் சீழ் வைத்தால்தான் டாக்டரே எழுதுவார்.

ஆட்டோவில் மிரண்டதிலிருந்து அது என்னைக் கண்டாலே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டது. கீழ் வீட்டு அக்காதான், "பட்டப்பகல்ல துரத்துனா சிக்குமா தம்பி? அடையட்டும், அப்புறம் தூக்கு" என்றார். சரியான பேச்சு. இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல், இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கி, பழைய துண்டில் சுற்றி, தலையையும் லேசாக மூடினேன். கொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், மடியில் அடங்கிவிட்டது! காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். நெஞ்சையும் இறுக்க வேண்டாம், நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசை) அதற்குக் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண் பீளையை ஊறவைத்துத் துடைத்தேன், பொருக்கின் மேல் மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய். பொருக்கைப் பிய்க்கவே கூடாது, ரத்தம் வரும், உதிர்ந்த பொருக்கிலும் வைரஸ் இருக்கும். வாயில் எதையாவது ஊற்றுவதானால் அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக; நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது. தனிக் கூண்டு, சாயங்காலமானால் கொசுவலை. பொருக்கு தானாக உதிர்ந்தது.

வாய்க்குள் மஞ்சளாகப் படை கட்டினாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள், காலையிலேயே போய்விடுங்கள். நோய் வராத கோழிகளுக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசி பற்றியும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.