வயதாகும் மூளைக்கு யார் சோறு போடுவது? நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேர்வு) லைஃப் சயின்ஸுக்குத் தயாராகும் பலரும் நியூரானை (நரம்பு செல்லை) விழுந்து விழுந்து படித்துவிட்டு, அதற்குத் துணை நிற்கும் கிளியா செல்களை இரண்டே வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான்; ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதைப் பங்கிட்டுக் கொடுப்பதில் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் கிளைக்கோஜன் (சேமித்து வைத்த குளுக்கோஸ்) இருப்பும் பெரும்பாலும் அதனிடம்தான்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு ஏ4 தாள். இடது ஓரத்தில் ரத்தக்குழாய், நடுவில் ஆஸ்ட்ரோசைட், வலதில் நியூரான். நீலப் பேனாவில் வழியை வரையுங்கள்: குளுட்-1 என்ற கடத்திப் புரதம் வழியாகக் குளுக்கோஸ் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் வருகிறது, கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ் சிதைவு) நடக்கிறது, லாக்டேட் உண்டாகிறது, அது எம்சிடி-1, எம்சிடி-4 என்ற லாக்டேட் கடத்திகள் வழியாக வெளியேறி, எம்சிடி-2 வழியாக நியூரானுக்குள் நுழைகிறது. ஆய்வாளர்கள் பெல்லரின், மாஜிஸ்ட்ரெட்டி இருவரும் 1994இல் முன்வைத்த கருதுகோள் இது. இன்னும் விவாதம் ஓயவில்லை. நியூரானுக்குக் குளுட்-3 இருக்கிறது, அதுவும் நேரடியாகக் குளுக்கோஸ் எடுக்கும். அதனால் ‘லாக்டேட் மட்டுமே’ என்று வரும் விடையைச் சந்தேகியுங்கள்.

வினாத்தாளில் அலசிச் சிந்திக்க வைக்கும் பகுதியான பார்ட் சி-க்கு, 2011இல் வெளியான எலிச் சோதனை ஒன்றை நன்றாக உள்வாங்கிக்கொள்ளுங்கள். எம்சிடி-4 குறைந்தால் எலிக்கு நினைவு தங்கவில்லை. வெளியிலிருந்து லாக்டேட் கொடுத்ததும் சரியானது, குளுக்கோஸ் கொடுத்துப் பலனில்லை. எம்சிடி-2 குறைந்தபோதோ லாக்டேட் கொடுத்தும் பயனில்லை. ஏன்? சரக்கு வாசல்வரை வந்துவிட்டது, நியூரானின் கதவு திறக்கவில்லை. இந்த ஒரு ‘ஏன்’ விளங்கினால், கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் சமாளிக்கலாம்.

அப்புறம் சிவப்புப் பேனா, வயது கைவைக்கும் இடங்களுக்கு. வயதான எலிகளின் ஆஸ்ட்ரோசைட்டில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜனேற்றம் கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆஸ்ட்ரோசைட் எரிபொருளைத் தானே எரித்துக்கொண்டால் நியூரானுக்குத் தர லாக்டேட் குறையலாம். இது ஊகம்தான், தாளில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். பக்கத்திலேயே மைக்ரோகிளியா, மூளையின் நோயெதிர்ப்பு செல். 2021இல் சுண்டெலிகளில் கண்டது: வயதாகும்போது கூடும் பிஜிஇ2 என்ற அழற்சித் தூதுப் பொருள், இந்தச் செல்லின் இபி2 ஏற்பி வழியாக, குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக முடக்கிவிடுகிறது, செல்லுக்கு ஆற்றல் தட்டுப்பாடு, கூடவே அழற்சி. அந்த ஏற்பியைத் தடுத்ததும் கிழட்டுச் சுண்டெலிகளின் நினைவாற்றல் மீண்டது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். முதுமையின் மறதி மொத்தமும் மீளாத அழிவு அல்ல என்ற நம்பிக்கையைத் தருகிறது.

திரும்பிப் பார்க்க, பஸ் பயணம் போதும். திருப்பாப்புலியூரில் ஏறி உட்கார்ந்ததும் தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, ரத்தக்குழாயிலிருந்து தொடங்கி மனதுக்குள் வரைவேன். அரியாங்குப்பம் வருவதற்குள் எங்கே தடுமாறுகிறேனோ, நூலகத்தில் அன்றைக்கு அந்த இடத்தைத்தான் முதலில் திறப்பேன்.