பதிவேட்டில் ஒரு பெயர்

பல்கலைக்கழகத்தில் பணிபுரிகிறேன் என்று ஊரில் யாரிடமாவது சொன்னால், "என்ன பாடம் எடுக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் உடனே வரும். பாடம் எடுக்கவில்லை, தேர்வுப் பிரிவில் சான்றிதழ் இருக்கையில் இருக்கிறேன் என்று விளக்கியதும் கேட்டவரின் ஆர்வம் சற்றுக் குறைவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அதற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை இணைத்துக்கொண்டுள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவர் வாழ்நாள் முழுவதும் பெட்டியில் வைத்துக் காக்கப்போகும் ஒரு தாளைத் தயாரித்துக் கொடுக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எங்கள் பிரிவின் வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. 1854-இல் இந்திய விவகாரங்களைக் கவனித்துவந்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அவை அப்போது பாடம் நடத்தவில்லை. கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பு. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை. பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் 1904-ஆம் ஆண்டின் சட்டம்தான் வழிவிட்டது. ஆகவே பல்கலைக்கழகத்தில் வகுப்பறை வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தேர்வுப் பிரிவு வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ஏடுகளைத் தேடிப் பதிப்பித்து 1887-இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்த அதே தாமோதரம்பிள்ளைதான் அவர். அவருடைய பெயரையும் ஓர் எழுத்தர் எங்கோ ஒரு மேசையில் குனிந்து, எழுத்துப் பிழை இல்லையே என்று சரிபார்த்து எழுதியிருப்பார். பிற்காலத்தில் மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் நெல்லையிலும் சேலத்திலும் தோன்றிய பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் அந்த முறையையே பின்பற்றின. அந்த எழுத்தரின் வேலையும் அவற்றோடு சேர்ந்து பெருகியது.

நான் 2003-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது முதலில் அமர்த்தப்பட்டது விடைத்தாள் பிரிவில். நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வு முடிந்ததும் கல்லூரிகளிலிருந்து கட்டுக் கட்டாக விடைத்தாள்கள் வந்து இறங்கும். பதிவெண் உள்ள முகப்புப் பகுதியைப் பிரித்து எடுத்துவிட்டு, தாளுக்கு டம்மி எண் போட்டுத் திருத்தும் முகாமுக்கு அனுப்புவோம். யாருடைய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியக்கூடாது என்பதே இதன் நோக்கம். மதிப்பெண் வந்தபின் டம்மி எண்ணையும் பதிவெண்ணையும் மறுபடி இணைப்போம். இப்போது பார்கோடு அந்த வேலையைச் செய்கிறது. ஆக, தேர்வு எழுதிய நாள்முதல் முடிவு வெளியாகும் நாள்வரை ஒரு மாணவர் எங்களுக்கு வெறும் எண்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த எண் மறுபடி பெயராக மாறும் இடம் சான்றிதழ் இருக்கை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் கழிந்திருக்கிறது.

தமிழ்ப் பெயர்களைச் சான்றிதழில் ஏற்றுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றலாம். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எக்ஸ் போட்டு எழுதுபவர்கள் உண்டு, கே-எஸ்-எச் போட்டு எழுதுபவர்கள் உண்டு, காதில் விழுந்தபடி டி-சி-எச் போட்டு எழுதிய பள்ளிக்கூடங்களும் உண்டு. செந்தில்குமார் ஒரே சொல்லா, இரு சொல்லா? இனிஷியல் பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? தந்தை பெயர் மட்டுமா, ஊர்ப் பெயரும் சேர்ந்ததா? மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்வது எங்கள் விதி. பிறகு மாற்ற வேண்டுமானால் அரசிதழில் வெளியிட்டுக்கொண்டு வர வேண்டும். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசு ஆணை வந்தபோது அதை நான் மனமார வரவேற்றேன். அதே சமயம், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாக மட்டும் இருந்த தந்தை பெயருக்கு உரிய தமிழ் எழுத்து எது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்குமே என்றும் நினைத்துக்கொண்டேன். ஆங்கில 'டி' ஒன்றுதான். அதற்குள் தங்கவேலு, துரைசாமி, திருமலை என்று மூவர் இருக்கலாம்.

நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஒரு மாணவியின் பட்டச் சான்றிதழில் 'என்' என்று இருக்க வேண்டிய இனிஷியல் 'எம்' என்று அச்சாகிவிட்டது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருந்தது என் கையொப்பம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, கடவுச்சீட்டோடு ஒப்பிடும்போதுதான் அந்தப் பெண் அதைக் கவனித்திருக்கிறாள். இரவுப் பேருந்து ஏறித் தந்தையும் மகளும் காலை ஒன்பது மணிக்கே அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவர் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் கோப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கோபப்படவில்லை. சான்றிதழின் மேல் விரலை வைத்து, "அந்த எழுத்து என் பேருங்கம்மா, நடராசன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றுவரை இனிஷியல் எனக்கு ஓர் எழுத்தாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு மனிதர் எதிரில் வந்து நிற்பார் என்று நான் எண்ணியதில்லை. திருத்திய சான்றிதழ் வழங்குவதற்குக் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர், பிரிவு அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று மூன்று மேசைகளைக் கடந்தாக வேண்டும். சாதாரணமாகச் சில நாள் ஆகும் அந்தக் கோப்பை அன்று நானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். பழைய தாளின் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து ரத்து செய்து, புதிய தாள் அச்சாகி வர மாலை ஐந்தரை ஆயிற்று. மறுநாளிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: சரிபார்க்கும்போது இனிஷியலை எழுத்தாகப் படிக்காமல், பட்டியலில் உள்ள முழுப் பெயரோடு வாய்விட்டுப் படிப்பேன். "என், நடராசன். எம், முத்தையா." பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் இதையே சொல்லித் தருகிறேன். வேலை மெதுவாக நடக்கும், நடக்கட்டும்.

எங்கள் கட்டடத்தின் பின்பகுதியில் பதிவறை இருக்கிறது. கணினிக்கு முந்தைய காலத்து மதிப்பெண் பதிவேடுகள் அங்கே துணி அட்டை போட்டு, இரும்பு அலமாரிகளில் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தொகுதியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். உள்ளே கறுப்பு மையில் ஒரே சீரான கையெழுத்து. திருத்தம் செய்த இடங்களில் மட்டும் சிவப்பு மையில் சுருக்கொப்பம். யாருடைய கையெழுத்து என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் வந்தார். 1979-இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர், தற்காலிகச் சான்றிதழை வைத்தே கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, அதை வைத்தே ஓய்வும் பெற்றுவிட்டார். பட்டமளிப்புக் கட்டணம் கட்ட அன்று வீட்டில் பணம் இல்லையாம். "இப்போது எதற்கு ஐயா தேவைப்படுகிறது?" என்று கேட்டேன். "ஒன்றுக்கும் இல்லையம்மா, வீட்டில் மாட்டி வைக்கலாம் என்றுதான்" என்றார். பதிவறையில் தேடி எடுத்து வந்த தொகுதியை வெளியார் தொடக்கூடாது என்பது விதி. எனவே அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலைத் தாளில் படாமல் ஓர் அங்குலம் மேலே நகர்த்திக்கொண்டே போனவர், தம் பெயர் வந்ததும் நிறுத்தினார். "மின்னியலில் எழுபத்தெட்டா வாங்கினேன்!" என்று, பக்கத்தில் நின்ற தம் மகனைப் பார்த்துச் சொன்னார்.

அதே பதிவேடுகளில் தோற்றவர்களும் இருக்கிறார்கள், அதுவும் ஏராளமாக. அந்த வரிகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கணித மேதை இராமானுசனின் நினைவு வரும். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாமல் போனவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்த அவருக்கு, பட்டம் எதுவும் பெறாத நிலையிலும், 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது, அவரைத் தேறாதவர் என்று குறித்த அதே சென்னைப் பல்கலைக்கழகம். அந்த முடிவுக்கும் ஒரு கோப்பு இருந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் சாதகமாகக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். விதியை மீறச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டால் நான் உடன்படமாட்டேன். ஆனால் விதி இடம் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும், அந்த இடம் இருக்கிறது என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுதிவிடுவேன். மேலே உள்ளவர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் கீழிருந்து போகும் அந்த நாலு வரியைப் படித்துத்தான்.

இப்போது மதிப்பெண் பட்டியல்கள் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏறுகின்றன. சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டு வரும் கடிதங்களில் பாதி மின்னஞ்சலாகிவிட்டன. இது நல்ல மாற்றம். வெளியூர்க்காரர்கள் ஒரு தாளுக்காகப் பேருந்து ஏறி வருவது குறைந்திருக்கிறது. ஆனால் கணினியில் ஏறும் பெயரையும் முதலில் ஒரு மனிதர்தான் தட்டச்சு செய்கிறார், இன்னொருவர்தான் சரிபார்க்கிறார்.

பட்டமளிப்பு விழா நாளில் நாங்கள் அரங்கின் பின்புறம், மேடைக்குப் போகும் வழியில், பட்டங்களை வரிசை மாறாமல் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேந்தர் கையால் நேரில் பெறுபவர்கள் சிலரே. மற்றவர்களுக்குக் கல்லூரி வழியாகவும் அஞ்சலிலும் போகும். அஞ்சலில் போனவற்றில் சில, வீடு மாறிவிட்டதாகவோ பெறுநர் இல்லை என்றோ குறிப்போடு திரும்பி வரும். அவற்றை ஒரு பீரோவில் அகர வரிசையில் வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு, மாலையில் கூட்டம் குறைந்தபின், நாளுக்கு நாலைந்து பேரையாவது அழைத்துப் பார்ப்பது வழக்கம். பாதி எண்கள் பயன்பாட்டில் இருப்பதில்லை. போன வாரம் ஓர் எண்ணில் வயதான அம்மா ஒருவர் எடுத்தார். மகள் திருப்பூரில் வேலை செய்வதாகவும், கல்யாணத்துக்குப் பிறகு பழைய வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும் சொன்னவர், பட்டம் என்னிடம் இருக்கிறது என்றதும் சிறிது நேரம் பேசவில்லை.

"பொங்கலுக்கு வருவாள். அதுவரைக்கும் பத்திரமா வச்சிருப்பியா, தாயி?" என்றார்.

வைத்திருக்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு, அந்த உறையின் மூலையில் பென்சிலால் 'பொங்கல்' என்று எழுதி, மேல் தட்டில் தனியாக வைத்தேன்.