கூப்பன்

"கூப்பன் நேத்தோட முடிஞ்சிருச்சு சார்."

எடுத்த சலவைத்தூளைத் திரும்ப அலமாரியிலேயே வெச்சேன். 20 ரூபாய்தான். பின்னாடி நின்ன மகள் என்னைத் தெரியாதவ மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டா.

ரங்கநாதன் தெருவில் அம்மா பேரம் பேசும்போது நானும் அப்படித்தான் நின்னேன்.

டீத்தூள் பாக்கெட் கூப்பனை அம்மா கிழிக்க மாட்டாங்க. பழைய பிளேடால பிசிறில்லாம வெட்டி, அஞ்சறைப்பெட்டிக்கு அடியில சொருகுவாங்க. வெந்தய வாசனையோட ஒரு வருஷம் சேர்ந்து, ஒரு எவர்சில்வர் டம்ளர் வந்துச்சு. பஸ் டிக்கெட்டையும் சேர்த்தா நஷ்டம்தான் (சொன்னா அன்னிக்கு டீ கிடையாது). அம்மாவுக்கு அது காசுக் கணக்கே இல்லை, கடைக்காரரை ஜெயிச்ச கணக்கு.

வீட்டுக்கு வந்து கூப்பனைத் தூக்கிப்போடப் போனேன்.

பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு.

பால் கணக்கு எழுதி வெச்சிருக்கேன்.