குடலுக்குள் குடியிருப்போருக்கு என்ன கொடுக்கிறோம்?

கடந்த தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மகள், கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி கேட்டார்: "தங்கச்சி, இங்க இருக்கேக்க மூண்டு நேரமும் சோறும் பிட்டும்தானே சாப்பிட்டனான். அங்க அளந்து அளந்து சாப்பிட்டும் ஏன் உடம்பு வைக்குது?" அவர் வழமையாகக் காட்டும் வைத்தியர் ஒருவர், வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு அந்தப் பதில் போதாதது மட்டுமல்ல, அநியாயமானது என்றும் பட்டது.

நடையும் சைக்கிளும் குறைந்தது, வயது, இரவு வேலை ஆகியவை காரணங்களே. ஆனால் அக்காவிடம் எவரும் பேசாத ஒன்று இருக்கிறது. எங்கள் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்வதாக 2016இல் வெளியான கணிப்பொன்று கூறுகிறது. எல்லாம் சேர்ந்து 200 கிராம் அளவே இருக்கும் இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் குடியிருக்கின்றன. கீரையிலும் பருப்பிலும் கிழங்கிலும் உள்ள நார்ச்சத்தின் பெரும்பகுதியை உடைக்க எங்களிடம் நொதியங்கள் இல்லை. அது செரிக்காமலே பெருங்குடலை அடைய, அங்கே இந்த நுண்ணங்கிகள் அதை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேற்று, பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மை எரிபொருளாகிறது. இந்த அமிலங்கள் குடலிலுள்ள சில கலங்களைத் தூண்டி, பசியை அடக்கும் ஓமோன்களையும் சுரக்கச் செய்கின்றன. இன்று எடை குறைப்பதற்காக உலகெங்கும் பேசப்படும் ஊசி மருந்துகள் பின்பற்றுவதும் அத்தகைய ஓமோன்களில் ஒன்றான ஜி.எல்.பி-1ஐத்தான், ஒரு பிடி முருங்கையிலை அந்த ஊசிக்கு ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

நார்ச்சத்தே வராவிட்டால் நுண்ணங்கிகள் சும்மா இருப்பதில்லை. குடற்சுவரைக் காக்கும் சீதப்படலத்தையே அவை அரித்துத் தின்னத் தொடங்குவதைச் சுண்டெலிகளில் கண்டிருக்கிறார்கள்.

எடைக்கும் நுண்ணங்கிகளுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோர்டன். நுண்ணங்கிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்குச் சாதாரணச் சுண்டெலிகளின் குடல் நுண்ணங்கிகளைக் கொடுத்தபோது, அவை முன்பைவிடக் குறைவாக உண்டும், இரண்டு வாரங்களில் உடற்கொழுப்பு 60 சதவீதமளவு கூடியதை அவரது குழு 2004இல் வெளியிட்டது. 2013இல் வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையர்களின் நுண்ணங்கிகளைத் தனித்தனிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவரிடமிருந்து பெற்றவை கூடுதலாகக் கொழுத்தன. இருவகையையும் ஒரே கூட்டில் விட்டபோது, மெலிந்தவரின் நுண்ணங்கிகள் மற்றச் சுண்டெலிகளிலும் குடியேறி, கொழுப்புச் சேர்வதைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்து நார்ச்சத்து மிகுந்த உணவு கொடுத்தபோதுதான் அது நடந்தது. நல்ல நுண்ணங்கி வந்தாலும் அதற்குரிய தீனி இல்லாவிட்டால் தங்காது என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்திய பரிசோதனை வேறில்லை.

சுண்டெலி மனிதரல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மெலிந்தவர்களின் குடல் நுண்ணங்கிகளைப் பருமனான ஆண்களுக்குச் செலுத்திய நெதர்லாந்து ஆய்வொன்றில், 6 வாரங்களில் இன்சுலினுக்கு உடல் இணங்குவது மேம்பட்டது, எடை குறையவில்லை. ஆகவே போத்தலில் அடைத்து விற்கும் "நல்ல பற்றீரியா" குளிசைகள் உடம்பை இளைக்க வைக்கும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

அக்காவின் கேள்விக்கு மிக நெருங்கி வருவது 2018இல் வெளியான ஆய்வு. தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த மொங், கரென் இனப் பெண்களின் குடலில் நுண்ணங்கிகளின் பல்வகைமை சில மாதங்களிலேயே குறையத் தொடங்கியது. தாவர நாரை உடைக்கும் ஆற்றலும் கூடவே குறைந்தது. அங்கே வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட இழப்பும் கூடியது. இதைச் சொன்னபோது அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தான் வாயடக்கமில்லாதவள் என்று அத்தனை ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டிருந்தவர் அவர்.

புலம்பெயராமலே நாங்களும் அதே வழியில்தான் போகிறோம். காலையில் பாண், பின்னேரம் றோல்ஸும் சோடாவும், இரவில் கொத்து ரொட்டி என்று வளரும் என் மாணவர்களிற் பலர் ஒடியற் கூழை ஆண்டுக்கு ஒருமுறைகூடக் குடிப்பதில்லை. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும் அந்தக் கூழில் எத்தனை வகை நார் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குரக்கன் பிட்டும், தவிடு போகாத மொட்டைக்கறுப்பன் சோறும், வாழைப்பொத்தி வறையும், வல்லாரைச் சம்பலும் இந்த வரிசையில் வருபவையே. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பங்கு செரிக்காத வடிவமாக மாறி நுண்ணங்கிகளுக்குத் தீனியாகிறது என்பதால், அம்மம்மா காலையில் பிசைந்து தந்த பழஞ்சோற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகக் கோப்பை நிறையச் சோற்றைக் குவித்து, தேங்காய்ப்பாலில் முதற்பாலாகவே ஊற்றிய கறிகளோடு உண்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நீரிழிவு உள்ளவர்கள் சோற்றின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

திடீரென்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லித்தான் அனுப்பினேன். கேட்கவில்லை. மாசி மாதம் தொலைபேசியில், வயிறு ஊதிப் பொருமுகிறது என்று முறைப்பட்டார். நாருக்குப் பழகாத குடலில் நொதிப்புக் கூடினால் வாயுவும் கூடும். அளவைப் பாதியாக்கி, தண்ணீரைக் கூட்டி, கிழமைக்கு ஒரு பயறோ பருப்போ என்று மெல்லச் சேர்க்கச் சொன்னேன். இப்போது கௌபி, கடலை, பயறு மூன்றையும் மாறிமாறி அவிக்கிறாராம், வயிறும் அமைந்துவிட்டதாம். எடையைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.