ரிப்போர்ட் இருந்தது, படம் இல்லை

எழுபதை நெருங்கும் அம்மா, திண்ணையில் கொஞ்சம் வேகமாக உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், முதுகில் வலி. சேரன்மகாதேவியில் காட்டினோம், வாயுப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். படுத்தால் வலி தேவலை, எழுந்தால் உயிர் போகிறது. அத்தை எண்ணெய் போட்டு நீவுகிறவரைக் கூப்பிடக் கிளம்பினாள். நல்லவேளை, தடுத்தோம். பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தால், எல்1 என்கிற முள்ளெலும்பு (இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதலாவது) முன்பக்கம் ஆப்பு மாதிரி நசுங்கியிருக்கிறது.

முறிவு புதுசா பழசா என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். ரிப்போர்ட் தாளைப் பார்த்தே ஒரு ஆஸ்பத்திரியில், "நாளைக்கே அட்மிட் ஆகுங்க, சிமெண்ட் வச்சிரலாம்" என்றார்கள். நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்துவதுதான் அது. இன்னொருவரிடம் கேட்போம் என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டை போனால் அந்த டாக்டர், "படம் எங்க? தாள வச்சு நான் என்ன பண்ண?" என்றார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டில் அம்மா முனக, திரும்பவும் ஸ்கேன் சென்டர். கவுண்டரில் இருந்த பையன் தலையே நிமிரவில்லை. "சிஸ்டத்துல இருக்கு சார், நாளைக்கு வாங்க."

"பில்லுல சி.டி.க்கும் சேத்துத்தான துட்டு வாங்குனிய?" என்று பில்லை நீட்டினேன். அப்புறம் பத்தே நிமிஷத்தில் சி.டி. வந்தது. பில்லைத் தூரப் போட்டுவிடாதீர்கள்.

படத்தைப் பார்த்த டாக்டர் சிமெண்ட் இப்போது வேண்டாம் என்றார். எலும்பின் பின்சுவர் உடையவில்லை, தண்டுவடத்தை எதுவும் அழுத்தவில்லை, காலில் பலம் இருக்கிறது. பெல்ட், வலி மாத்திரை, மெதுவான நடை போதும். அதிலும் வலி அடங்காதவர்களுக்குத்தான் சிமெண்ட். நரம்பை அழுத்தினாலோ, முதுகு நிலையில்லாமல் ஆடினாலோ திருகாணி, கம்பி வைத்து ஆபரேஷன். கால் தளர்ந்தாலோ, சிறுநீர் வராமல் கட்டினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஓடி வரச் சொன்னார்.

பெல்ட்டிலும் ஒரு கூத்து. கடைக்காரர் கொடுத்தது சாதாரண இடுப்பு பெல்ட். எல்1-க்கு அது எட்டாது. நெஞ்செலும்பு, அடிவயிறு, முதுகு என்று மூன்று இடத்தில் பிடிக்கிற ஆஷ் பிரேஸ்தான் வேண்டும்; டாக்டரிடம் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

உட்கார்ந்ததற்கே எலும்பு ஏன் நொறுங்கியது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானே கேட்ட பிறகுதான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதினார்கள். அதில் வரும் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஓ அதற்கும் கீழேயோ இருந்தாலே எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). அம்மாவுக்கு மைனஸ் 3.1. வருஷத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் ஊசி போட வேண்டுமாம். அதற்கு முன்னால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம்.