ஆர்டிசி கேம்புக்கு பேக் கட்டுனது, என்சிசி பொண்ணுங்களுக்காக

என்சிசில, அதான் தேசிய மாணவர் படைல, டெல்லி குடியரசு தின கேம்ப், அதான் ஆர்டிசி, போயிட்டு வந்ததுல இருந்து எங்க காலேஜ் ஜூனியர் புள்ளைங்க கேக்கறது ஒரே கேள்விதான், அக்கா என்னென்ன எடுத்துட்டு போனீங்கன்னு. யூனிட்ல ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, யூனிஃபார்ம், பூட்ஸ், வட்டல், டம்ளர், பக்கெட், மக், பூட்டு சாவின்னு வரிசையா இருக்கும், அத பாத்து எடுத்து வெக்கறது பெரிய வேலையே இல்ல. ஆனா ஒரு சாமான் பேக்ல இருக்கா இல்லையாங்கறத விட விடியக்காலைல இருட்டுல, கை விறைச்சுப் போயி நிக்கறப்ப அது ரெண்டு நிமிஷத்துல கைக்கு வருமாங்கறதுதான் அங்க முக்கியம். விசில் அடிச்சா ஃபால்-இன், அதான் வரிசைல போயி நிக்கோணும், தேடிட்டு இருக்க யாரும் டைம் குடுக்க மாட்டாங்க.

இது ஒரே நாள்ல தெரியறது இல்லைங்க. ஆர்டிசிக்கு ஆள முதல்ல யூனிட்ல எடுப்பாங்க, பொறவு கோயம்புத்தூர் குரூப், அதுக்கு மேல தமிழ்நாடு புதுச்சேரி அந்தமான் டைரக்டரேட்டுன்னு கேம்ப் மேல கேம்பா போகும், பெரும்பாலும் ஒவ்வொண்ணும் பத்து நாள். ஒவ்வொரு கேம்ப் முடிஞ்சு எங்க ஊரு கோபிக்கு வந்ததும் பேக்க திண்ணைல கொட்டி தொடாத சாமான எல்லாம் அட்டாலில தூக்கி வெச்சுருவேன், இல்லாம தவிச்சத அந்த எடத்துல சேத்துக்குவேன். டெல்லிக்கு கட்டுறப்ப பாதி பேக் தானா கட்டுன மாதிரி ஆயிருச்சு.

எல்லாத்தையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டேன், கண்ணாடி மாதிரி தெரியற கவரா பாத்து. காலைக்கு ஒண்ணு, அதுல பிரஷ், பேஸ்ட், சோப்பு, துண்டு. தலைக்கு ஒண்ணு. காலுக்கு ஒண்ணு. பாலிஷ், பிரஷ், பெல்ட் பக்கிள் தேய்க்கற பிராஸோ, பழைய பனியன் துணி எல்லாம் ஒட்டுக்கா ஒண்ணு, ஏன்னா இந்த பிராஸோ நாத்தம் துணில ஏறுச்சுன்னா போகவே போகாது. ஊசி, காக்கி நூல், ரெண்டு பட்டன், சேஃப்டி பின் ஒரு சின்ன டப்பால. பேக்ல எது எந்தப் பக்கம்னு கண்ண மூடிட்டே எடுத்துப் பழகுனேன், வீட்ல லைட்ட ஆஃப் பண்ணி. எங்க ஆத்தா பாத்துட்டு "ஏனம்மிணி, கரண்டு இல்லாத ஊருக்கா போற"ன்னு கேட்டாங்க. ஆனா பேரக்ஸ்ல, அதான் நாங்க தங்கற எடத்துல, மத்த புள்ளைங்க தூங்கறப்ப லைட்டு போட முடியாதுல்லைங்க, அதுக்குத்தான்.

துண்டுக்கு நம்மூர விட்டா வேற எங்கயும் தேடவே வேண்டாம். ஈரோட்டு ஈரிழைத் துண்டு ரெண்டு எடுத்துக்கங்க, டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். ஜனவரில டெல்லில பனிமூட்டத்துல வெயிலே சில நாள் மத்தியானத்துக்கு மேலதான் எட்டிப் பாக்கும், தடிமனான டவல் காயவே காயாது, ஈர நாத்தத்தோட மறுநாளும் அதையே தொடைக்கோணும். ஈரிழை புழிஞ்சு கட்டில் கம்பில போட்டா ராத்திரிக்குள்ள காஞ்சுரும். சென்னிமலை பெட்ஷீட்டும் ரெண்டு, ஒண்ணு விரிக்க, இன்னொண்ணு அங்க குடுத்த கம்பளிக்கு உள்பக்கம் போத்திக்க, கம்பளி நேரா மேல பட்டா ராத்திரி பூரா அரிக்கும். பவானி ஜமுக்காளம் கொண்டு போ கண்ணுன்னு ஆத்தா ரொம்ப ஆசையா எடுத்து வெச்சாங்க, அந்த வெயிட்ட தூக்கிட்டு ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல போக முடியாதுன்னு சமாதானம் சொல்லித்தான் வெச்சுட்டு வந்தேன்.

குளிக்கற சோப்ப முழுசா எடுத்துட்டு போகாதீங்க. கத்தில நாலா வெட்டி, ஒரு துண்ட மட்டும் ஓட்டை வெச்ச டப்பால போட்டு மத்தத காயவெச்சு பேப்பர்ல சுத்தி உள்ள வெச்சுருங்க. பாத்ரூம் எல்லாருக்கும் பொது, அவசரத்துல மறந்து வர்றது யாருக்கும் நடக்கும், அப்ப போறது கால் சோப்பாத்தான் இருக்கும். துணிக்கு பார் சோப்பு நல்லது, பவுடர் பாக்கெட் பேக்குக்குள்ள ஒடஞ்சா காக்கி சட்டை கதை முடிஞ்சுது. பேஸ்ட் பெருசு ஒண்ணுக்கு பதிலா சின்னது ரெண்டு.

தேங்காண்ணெய் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லோணும். அது 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிச்சுரும். நம்மூர்ல மார்கழி காலைல பாட்டில வெயில்ல வெச்சா போதும், டெல்லில அந்த மாசம் ராத்திரி 5 டிகிரி பக்கமெல்லாம் எறங்கும், வாய் குறுகுன பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு வெளிய வராது. அதனால வாய் அகலமான டப்பால ஊத்தி எடுத்துட்டு போனேன், விரல்ல வழிச்சு உள்ளங்கைல தேச்சா உருகிரும். கொண்டைக்கு நெட், யூ பின், கருப்பு ரப்பர் பேண்டு எல்லாம் வேணும்கறத விட மூணு மடங்கு வெச்சுக்கங்க, இது மட்டும்தான் நான் அளவில்லாம எடுத்தது. பெரட் தொப்பி கரெக்டா உக்காரோணும்னா கொண்டை கீழ எறங்கி இறுக்கமா இருக்கோணும், பின்னு பத்தலன்னா டிரில்லு நடுவுல அவுந்துரும்.

உதட்டுக்கு வெண்ணெய் தடவுனா போதும்னு ஆத்தா ஊத்துக்குளி வெண்ணெய ஒரு கிண்ணத்துல போட்டுக் குடுக்கப் பாத்தாங்க. வீட்ல இருந்தா அதுதான் பெஸ்ட், நானும் அதத்தான் தடவி வளந்தேன், ஆனா பேக்ல வெச்சா சிக்கு வாடை வரும், அதுக்கு வேசலின் டப்பா. மூஞ்சி, உதடு, குதிகால், கை முட்டி எல்லாத்துக்கும் அந்த ஒரே டப்பா.

இனி காலு. புது பூட்ஸ அங்க போயி முதல் தடவ போடவே கூடாது. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடந்து பழக்கோணும், குதிகால் கடிக்கற எடம் இங்கயே தெரிஞ்சுரும். உள்ள மெலிசா காட்டன் சாக்ஸ், மேல கம்பளி சாக்ஸ், ரெண்டு போட்டா உரசறது சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவுல நடக்கும், தோலு தப்பிச்சுரும். வேர்வை ஈரம் இருந்தா உரசல்ல கொப்புளம் இன்னும் சீக்கிரம் வரும், ராத்திரி கால நல்லா தொடச்சு பவுடர் போட்டு காஞ்ச சாக்ஸோட படுங்க. ஒட்டற பிளாஸ்டர் கொறஞ்சது பத்து இருக்கட்டும். அதுக்கும் மேல போச்சுன்னா மறைக்காம எம்ஐ ரூமுக்கு, அதான் கேம்ப்ல வைத்தியம் பாக்கற ரூமுக்கு, போயிருங்க, சீக்குன்னு சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்களோன்னு பயந்து நொண்டிட்டே நடந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், பாக்கவே பாவமா இருக்கும்.

லிஸ்ட்ல யாருமே எழுதாதது பீரியட்ஸ் சாமான். டேட் இல்லைன்னாலும் எடுத்துட்டு போங்க, ஊரு மாறி சாப்பாடு மாறி தூக்கம் மாறுனா தேதியும் மாறும், எங்க ரூம்ல பல பேருக்கு மாறுச்சு. பேட் வழக்கமா ஆகறத விட டபுளா, நீங்க பழகுன பிராண்டே, ஒவ்வொண்ணும் பழைய பேப்பரோட மடிச்சு, ஒண்ணு ரெண்டு எப்பவும் டிராக் பேண்ட் பாக்கெட்ல இருக்கோணும். கப் யூஸ் பண்றவங்க பண்ணுங்க, ஆனா முதல் தடவ ட்ரை பண்ற எடம் கேம்ப் இல்ல. கருப்பு கலர் உள்ளாடை அதிகமா எடுங்க, ஈரமா இருந்தா போடவே போடாதீங்க, எத்தன அவசரமா இருந்தாலும். ரப்பர் வெந்நி பை ஒண்ணு நான் எடுத்துட்டு போனேன், வயித்துவலிக்கும் ஆச்சு, குளிருக்கும் ஆச்சு, ராத்திரி அது கட்டில் கட்டிலா சுத்திட்டு வரும். கூட வந்த மணிப்பூர் புள்ள ஒருத்தி கூட அதுக்கு வரிசைல நின்னா. வலி மாத்திரை வழக்கமா போடறவங்க டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட கொண்டு போங்க, என்சிசிய பாத்துக்கற டீச்சர், அதான் அசோசியேட் என்சிசி ஆபீசர் மேடத்துகிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி வெச்சுருங்க.

துணில பேரோ அடையாளமோ போடறது ரொம்ப முக்கியம்ங்க. அத்தன பேருக்கும் அதே காக்கி, அதே சாக்ஸ், அதே வெள்ளை டி-ஷர்ட். மார்க்கர் இங்க்கு நாலு தொவையல்ல போயிரும், நான் எல்லாத்துலயும் ஒரு மூலைல செவப்பு நூல்ல ரெண்டு தையல் போட்டுட்டேன், கொடில தூரத்துல இருந்தே தெரியும்.

தெர்மல் வாங்கறவங்க திருப்பூர் காதர்பேட்டைல போயி கையில தொட்டுப் பாத்து வாங்குங்க. தடியா ஒண்ணு வாங்கறதுக்கு பதிலா மெலிசா ரெண்டு செட்டு, ஒண்ணு மேல ஒண்ணு போட்டா நடுவுல காத்து நின்னு சூடு தங்கும், வெயில் வந்தா ஒண்ண கழட்டிக்கலாம், யூனிஃபார்முக்குள்ள துருத்திட்டும் தெரியாது. கழுத்து எறக்கமா, முழுக்கை மணிக்கட்டோட நிக்கற மாதிரி பாருங்க, காக்கி காலருக்கு மேல எட்டிப் பாத்தா இன்ஸ்பெக்‌ஷன்ல சொல்லுவாங்க. நம்மூர்ல குளிர் துணி எல்லாக் கடைலயும் எப்பவும் இருக்காது, உங்க சைஸ் கெடைக்கோணும்னா செலக்‌ஷன் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம தீபாவளி முடிஞ்ச கையோட ஒரு நடை போயிட்டு வந்துருங்க.