2026: நோட்டின் கடைசிப் பக்கம்

புத்தாண்டு பிறந்ததும் ஆளுக்கொரு ஆரூடம் சொல்கிறோம். டிசம்பரில் அதை எடுத்துச் சரிபார்ப்பவர் யாருமில்லை. அதனால்தான் தேயிலைக் கொழுந்துக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்ற எண்ணையும் சேர்த்தே என் கணிப்புகளை எழுதி வைக்கிறேன். நட்டம் எனக்கில்லாத விஷயத்தில் தாராளமாகத் தொண்ணூறு போடும் கை, என் பணமோ என் வீட்டாரோ சம்பந்தப்பட்ட வரிக்கு வந்ததும் அறுபதில் தயங்கி நிற்கிறது. தயங்கிப் போட்ட எண்களையே நான் அதிகம் நம்புகிறேன்.

பிப்ரவரியில் தொடங்கும் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வெல்ல 30. 2024 வரை போட்டியை நடத்தும் நாடு வென்றதும் இல்லை, கோப்பையை வைத்திருக்கும் அணி அதைத் தக்கவைத்ததும் இல்லை என்பதால், இந்தியா இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். (கோத்தகிரி பேருந்து நிலைய டீக்கடையில் இந்த எண்ணை நான் சொல்வதாக இல்லை.) ஜூனில் 48 அணிகள் ஆடும் கால்பந்துக் கோப்பை, ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் விட்டு வெளியே போகாது: 95.

தேர்தலுக்கு வருவோம். எங்கள் நீலகிரியின் மூன்று தொகுதிகளில், 2021 இல் உதகையில் காங்கிரஸும், குன்னூரில் திமுகவும், கூடலூரில் அதிமுகவும் வென்றன. இம்முறையும் மூன்றும் ஒரே கட்சிக்குப் போகாது என்பதற்கு 80. கூட்டணிகளில் தொகுதி பங்கிடும் வழக்கமே அதற்குப் பாதிக் காரணம். மாநிலத்தில் ஆட்சி தொடருமா என்பதற்கு 50 தான் போட்டிருக்கிறேன். 1989 முதல் 2011 வரை எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இருமுறை வென்றதில்லை. 2016 இல் அதிமுக அந்த வழக்கத்தை முறித்தது. விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் முதன்முறையாகப் பேரவைத் தேர்தலைச் சந்திக்கும்போது, பழைய வாக்கு விழுக்காடுகளைக் கூட்டிக் கழித்துப் பயனில்லை.

பச்சைத் தேயிலை விலைதான் எனக்குக் கடினமான வரி. குளிர்காலத்தில் அசாமில் கொழுந்து பறிப்பது நின்றுவிடுவதால் குன்னூர் ஏலத்தில் நம் தேயிலைத் தூளுக்குச் சற்று மரியாதை கிடைக்கும். ஆனால் அதே மாதங்களில் இங்கே உறைபனி விழுந்து, தாழ்வான பாத்திகளில் கொழுந்து நுனி கருகி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. விலை இருக்கும் நாளில் எடை போட இலை இராது. கோடை மழை பெய்து இலை குவியும்போதோ தொழிற்சாலைகள் இவ்வளவு இலைதான் வாங்குவோம் என்று கோட்டா வைத்துவிடும், அசாம் தூளும் சந்தைக்கு வந்துவிடும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை ஏல சராசரியை ஒட்டியே அமைவதால், உரத்துக்கும் பறிகூலிக்கும் நாம் என்ன கொடுத்தோம் என்பது அந்தக் கணக்கில் வருவதேயில்லை. ஆகவே இந்த ஆண்டில் எந்த மாதமும் கிலோவுக்கு 30 ரூபாயைத் தொடாது என்று எழுதியிருக்கிறேன்: 65. தோட்டம் மட்டும் இல்லாதிருந்தால் கூசாமல் 85 போட்டிருப்பேன்.

கடைசி வரி தங்கத்தைப் பற்றியது. அக்கா மகளுக்கு ஆவணியில் திருமணம். 2025 தொடக்கத்தில் 60,000 ரூபாய்க்குக் கீழே இருந்த சவரன் விலை அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்த அக்கா, "இறங்கும் என்கிறார்களே தம்பி, ஆடி வரை பொறுக்கலாமா?" என்று கேட்டார். ஆடிக்குள் 80,000 ரூபாய்க்குக் கீழே வராது என்பதற்கு நான் எழுதியிருந்தது 60. "இறங்குவதற்கு நாற்பது வாய்ப்பு இருக்கிறது அக்கா, ஆனால் அந்த நாற்பதை நம்பி நகை வாங்குவதைத் தள்ளிப்போட முடியாது" என்றேன். பாதி நகையை இப்போதே வாங்கிவிடுவது, மீதியை மாதாமாதம் கொஞ்சமாகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. எந்தக் கடையில் எடுத்தாலும் சேதாரம் அதிகம் என்று அம்மா குறை சொல்வார் என்பதற்கு 99 போட்டிருக்கிறேன்.